அப்ரிசிட்டி: 'குளிர்வெப்பம்'னு எழுதுறத நிறுத்துங்கப்பா

டிசம்பர் வந்தாலே இந்த தொல்லை ஆரம்பிச்சிடுது. 'அழகான பழைய ஆங்கில வார்த்தைகள்'னு ஒரு படத்த சுத்த விடுவாங்க, காபி கப், ஜன்னல், மஞ்ச வெளிச்சம், கீழ 'ஏப்ரிசிட்டி – குளிர்வெப்பம்'. இந்த வருஷம் மட்டும் நாலு வாட்ஸப் குரூப்ல வந்துருச்சு. முதல்ல அது ஏப்ரிசிட்டியே இல்ல, அப்ரிசிட்டி, குளிர்காலத்துல வெயில் உடம்புல படுற சுகம். ஏப்ரல் மாச வெயிலான்னு ஒருத்தர் கேக்குறாரு, அவர் மேல தப்பு இல்ல.

வேர் சுருக்கமா சொல்லிடுறேன். லத்தீன்ல அப்ரிகஸ்னா வெயில் படுற இடம், திறக்குறதுன்னு பொருள் வர்ற அபெரிரேல இருந்து வந்ததா சொல்வாங்க. 1623ல ஹென்றி காக்கரம்ங்கறவரு கடினமான ஆங்கிலச் சொற்களுக்குன்னே ஒரு அகராதி போட்டாரு, அதுல இத 'குளிர்காலத்து வெயிலோட கதகதப்பு'ன்னு எழுதி வச்சாரு. அந்த லத்தீன் வார்த்தைல குளிர்காலம்ங்கற பொருள்லாம் கிடையாது. அந்த மாதிரி அகராதிகள்ல இருந்த நெறைய வார்த்தைங்க அகராதிய விட்டு வெளிய வந்ததே இல்ல, இதுவும் கிட்டத்தட்ட அந்த கேஸ்தான். வெயில் காயுறதுக்கு அப்ரிகேட்னு வினைச்சொல் கூட இருக்கு, அதையும் யாரும் சொல்றதில்ல.

சரி, குளிர்வெப்பம். ஏசி ரிமோட்ல ரெண்டு பட்டன் இருக்குமே, அதோட பேரு மாதிரி இருக்கு. குளிரா வெப்பமா, ரெண்டுல எது? வெப்பம்ங்கறது பாடப்புத்தக வார்த்தை, வெப்பநிலை, வெப்ப அலை, வெப்பக் கடத்தி. உடம்புல படுற சுகத்துக்கு அத யாராவது சொல்லி கேட்டிருக்கீங்களா? 'சூரியனின் வெப்பத்தில் அமர்ந்திருந்தேன்'னு எழுதுறவங்க வீட்டுல போய் பாத்தா 'கொஞ்ச நேரம் வெயில்ல உக்காந்துட்டு வரேன்'னுதான் சொல்லிட்டு இருப்பாங்க. தமிழ்ல வெயில்னா வெளிச்சமும் சூடும் சேந்தே வந்துருது, இங்கிலீஷ்காரன் சூரியனோட கதகதப்புன்னு ரெண்டா பிரிச்சு சொல்றத நாம ஏன் பிரிச்சு வைக்கணும், கையில இருக்குற வார்த்தைய விட்டுட்டு டிக்‌ஷனரில தேடுறதுதான் இப்போ மொழிபெயர்ப்புன்னு ஆயிடுச்சு.

குறுந்தொகை 38ல கபிலர் 'வெயிலாடு முசுவின் குருளை'ன்னு பாடுறாரு, பாறைல மயில் போட்ட முட்டைய வெயில்ல விளையாடுற குரங்குக் குட்டி உருட்டுது. வெப்பமாடுன்னு எழுதிப் பாருங்க, குட்டி செத்துரும்.

எங்க அப்பத்தா மார்கழில காலைல திண்ணைல உக்காரும். வெயில் ஒரு முழம் அகலத்துக்குத்தான் விழும், அது நகர நகர அப்பத்தாவும் முறத்தோட நகரும், தெரு நாயும் பின்னாடியே நகரும். கேட்டா 'வெயில் காயுறேன்டா'ன்னுதான் சொல்லும். ஆக, வினைச்சொல்லுக்கு நாம ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. குளிர்காயுறதுன்னு போடலாமேன்னா, அது நெருப்புக்கு போயிருச்சு, அடுத்தவன் சண்டைல குளிர்காயுறவனுக்கும் போயிருச்சு.

பெயர்ச்சொல்தான் கொஞ்சம் இழுக்குது. 'காய்வெயில்'னு ஒரு நண்பர் சொன்னாரு, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 'வெயில் காயுது'ன்னா நமக்கு சித்திரை மண்டைய பொளக்குற வெயில்தான் ஞாபகம் வருது, அப்படியே நேரெதிரா போயிரும். இளவெயில்னா காலைலயும் சாயங்காலமும் எல்லா மாசத்துலயும் உண்டு. என் ஓட்டு 'பனிவெயில்'க்கு. முன்பனி, பின்பனின்னு பருவத்துக்கே பேரு வச்ச ஊரு இது, பனிக்காலத்து வெயில்னு சட்டுனு புரியும்.

பனின்னா ஐஸ் இல்லையா, காஷ்மீர் மாதிரி ஆயிடாதான்னு அதே நண்பர் கேட்டாரு. தை மாசம் காலைல வெளிய நிறுத்துன வண்டி சீட்ட தொடைக்காம உக்காந்து பாருங்கன்னு சொன்னேன், ஈரமாகுறது எதனாலன்னு அப்போ தெரியும்.