கிழங்கு தோண்டிய கிழவிகள்

விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களைக் கொண்டுபோகும் ஜீப்புகள். தூக்குவாளியை மடியில் வைத்து நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு, வீட்டில் பால் மறந்த பிள்ளை ஒன்று பாயில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பி, முகம் கழுவி, வேகவைத்த கப்பைக் கிழங்கைப் பிசைந்து ஊட்டுவது அம்மாச்சி, தாயைப் பெற்றவள். சில தெருக்களில் ஒரே அம்மாச்சியின் திண்ணையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் கிடக்கும்.

நாம் இதை ஒத்தாசை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பரிணாம உயிரியலாளர்களில் ஒரு சாரார் அப்படி விடுவதில்லை. மனிதர்கள் முதுமை வரை வாழ்வதற்கே பாட்டிகள்தான் காரணம் என்பது அவர்கள் கட்சி.

புதிர் இதுதான்: சிம்பன்சிக்கும் மனுஷிக்கும் சினைமுட்டை தீர்வது ஏறக்குறைய ஒரே வயதில், ஐம்பதை ஒட்டி. சிம்பன்சிகளில் அந்த வயதைத் தாண்டுபவை மிகக் குறைவு. மனுஷியோ அதற்குப் பிறகும் பல்லாண்டு நடமாடுகிறாள். மருந்து மாத்திரையின் புண்ணியம் என்றும் தள்ளிவிட முடியாது. தான்சானியாவில் ஏயாசி ஏரிக்கரையில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிற ஹட்ஸா மக்களில்கூட, 45 வயதைத் தொட்ட பெண் சராசரியாக இன்னும் இருபது ஆண்டு வாழ்கிறாள். பிள்ளை பெறாத உடலை இயற்கை எதற்காகக் கட்டிக் காக்கிறது?

1980களில் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் அவருடைய சகாக்களும் அந்த ஹட்ஸாக்களோடு தங்கி, யார் எவ்வளவு நேரம் உணவு தேடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். குழந்தைகளின் எடையையும் பார்த்தார்கள். அங்கே முக்கியமான கிழங்கு ஒன்று கல்லிடுக்கில் ஆழமாக இறங்கியிருக்கும். சிறுவர் கைக்கு அது வராது; கம்பை ஊன்றிக் கல்லைப் புரட்டத் தெரிய வேண்டும். அறுபது வயதுக் கிழவிகள் இளம்பெண்களைவிட அதிக நேரம் அதைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாதாரண நாட்களில் பிள்ளையின் எடை, தாய் உழைக்கிற நேரத்தோடு ஏறி இறங்கியது. வீட்டில் அடுத்த குழந்தை பிறந்ததும் அந்தத் தொடர்பு அறுந்து, மூத்த பிள்ளையின் எடை பாட்டியின் உழைப்போடு ஒட்டிக்கொண்டது. சொந்தப் பாட்டி இல்லாத இடத்தில் பாட்டியின் உடன்பிறந்தவளோ வேறொரு மூத்தவளோ அந்தக் கம்பைக் கையில் எடுத்திருந்தாள். நம் திண்ணைக் கதைதான்.

சிம்பன்சிக் குட்டி பால் மறந்ததும் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். அதுவரை தாய்க்கு அடுத்த குட்டி கிடையாது. இடைவெளி ஐந்தாறு ஆண்டு. மனிதக் குழந்தைக்குப் பால் மறந்த பிறகும் யாராவது ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்குப் பாட்டி இருந்தால் தாய் சீக்கிரமே அடுத்த பிள்ளையைப் பெறலாம். வேட்டையாடி வாழ்கிற சமூகங்களில் இந்த இடைவெளி மூன்றாண்டுக்குச் சற்றே கூடுதல். தெம்பாக நீடித்த கிழவியின் பேரப்பிள்ளைகள் பெருக, அவளுடைய மரபணுவும் பெருகும். தலைமுறை தலைமுறையாக இது நடந்து ஆயுள் நீண்டது என்பது வாதம். எல்லோரும் ஒப்புக்கொண்டதல்ல, ஆண்களின் வேட்டைக்கும் பங்கு உண்டு என்று மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழைய பின்லாந்து, கனடா ஊர்ப்பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான கணக்கு பாட்டிகளின் பக்கம் நிற்கிறது: ஐம்பதுக்குப் பிறகு ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் இரண்டு பேரக்குழந்தைகள் கூடுதல்.

எந்தப் பாட்டி என்று கேட்டால்தான் வம்பு. காம்பியா நாட்டுக் கிராமங்களில் அம்மாச்சி உயிரோடிருந்த குழந்தைகள் அதிகம் பிழைத்தன. அப்பத்தா இருப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பா இருப்பதாலும் இல்லை! மகள் பெற்ற பிள்ளை தன் இரத்தம் என்பதில் சந்தேகமே எழாது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நம் பக்கம் தாய்மாமனைக் கட்டிக்கொண்ட வீட்டில் இந்தக் கணக்கு திணறிப்போகும்: அங்கே பிள்ளையின் அப்பத்தாவே அதன் தாய்க்கு அம்மாச்சி.

2021இல் ஜேம்ஸ் ரில்லிங் என்ற அமெரிக்க மானிடவியலாளரின் குழுவினர் ஐம்பது பாட்டிகளுக்குப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பேரப்பிள்ளையின் படத்துக்கு, பிறர் உணர்வைத் தன் உணர்வாக அனுபவிக்கும் பகுதிகள் துடித்தன. பெற்ற மகன் அல்லது மகளின் படத்துக்கு, அவர் என்ன நினைக்கிறார், ஏன் நினைக்கிறார் என்று யோசிக்கும் பகுதிகள். சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும்போது இதை ஸ்கேன் இல்லாமலே பார்க்கலாம். இடுப்பில் இருக்கும் பேத்தி சிரித்தால் அம்மாச்சியும் சிரிக்கிறாள். இறங்கி வரும் மகளைப் பார்த்ததும் நெற்றி சுருங்குகிறது: “என்னடி முகம் வாடியிருக்கிறது? கூலி கொடுத்தார்களா, இல்லையா?”