மைனஸ் 850 என்ற எண்ணை எப்போது நம்பலாம்?

மண்ணுக்கடியில் எஃகுக் குழாய் பதித்திருக்கும் ஆலைகளில் சி.பி. பதிவேடு என்றொரு நோட்டு இருக்கும். கேத்தோடிக் பாதுகாப்பு, அதாவது எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு, ஒழுங்காக நடக்கிறதா என்று அளந்து எழுதி வைக்கும் நோட்டு அது. புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம், பாதுகாப்புக்கான அளவுகோலாகக் கொள்ளப்படும் மைனஸ் 850 மில்லிவோல்ட்டைத் தாண்டிய எண்களே வரிசையாக நிற்கும். ஆய்வுக்கு வருபவரும் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவார். அதே குழாயைத் தோண்டிப் பார்த்தால் குழிகுழியாக அரிக்கப்பட்ட எஃகு தென்படுவதும் உண்டு. நோட்டிலுள்ள எண்ணுக்கும் மண்ணிலுள்ள எஃகுக்கும் இடையே இந்த வேறுபாடு எப்படி வருகிறது என்பதைப் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

புதைந்த எஃகு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. ஒரே குழாயின் ஒரு பகுதி ஈரக் களிமண்ணிலும் மறுபகுதி காற்றோட்டமுள்ள மணலிலும் கிடந்தால், ஆக்சிஜன் குறைந்த களிமண் பக்கம் நேர்மின்வாயாகவும் மணல் பக்கம் எதிர்மின்வாயாகவும் மாறி, குழாயே ஒரு மின்கலமாகிவிடுகிறது. எஃகிலிருந்து மின்னோட்டம் எந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்குகிறதோ அந்த இடத்தில் இரும்பு கரைகிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுவதும் இப்படி வெளியேறினால் ஏறத்தாழ 9 கிலோ இரும்பு காணாமற்போகும். பூச்சு பூசிய குழாயில் இந்த இழப்பு குழாயெங்கும் பரவாமல், பூச்சில் விழுந்த ஊசிமுனைத் துளைகளிலேயே குவிந்து சுவரைத் துளைத்துவிடும். ஆகவே பூச்சு இருக்கிறதே, பிறகு சி.பி. எதற்கு என்று கேட்பது சரியல்ல.

வெளியேறும் மின்னோட்டத்தை எதிர்த்திசையில் திருப்பி, குழாய் முழுவதையும் எதிர்மின்வாயாக்குவதே சி.பி.யின் அடிப்படை. மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகத்தைக் குழாயோடு இணைத்துப் புதைத்து, எஃகுக்குப் பதிலாக அதைக் கரையவிடலாம். அல்லது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபையர் வைத்து, சிலிக்கான் இரும்பு ஆனோடுகள், அதாவது நேர்மின்வாய்கள், வழியாக மின்னோட்டத்தை மண்ணுக்குள் செலுத்தலாம். 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்ததுதான் இதன் தொடக்கம். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சும் இல்லாமற்போனதால் பாசியும் சிப்பியும் அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. ஓரிடத்தில் அரிப்பை நிறுத்தினால் இன்னோரிடத்தில் என்ன நடக்கும் என்று யோசிக்கும் பழக்கம் இத்துறைக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். 1928இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் எரிவாயுக் குழாய் ஒன்றுக்கு ரெக்டிஃபையர் வைத்தார். செம்பு–செப்பு சல்பேட் மின்வாயை ஒப்பிட்டு மைனஸ் 0.85 வோல்ட் என்ற அளவுகோலைத் தந்தவரும் அவரே.

இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். அளப்பதற்கென்று குழாய்ப் பாதையில் நட்டிருக்கும் டெஸ்ட் போஸ்ட்டின் மூடியைத் திறந்தால் குழாயிலிருந்து மேலே வரும் கம்பியின் முனை இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையை ஹாஃப் செல்லில் மாட்ட வேண்டும். ஹாஃப் செல் என்பது மேலே சொன்ன செம்பு–செப்பு சல்பேட் மின்வாய்தான்; நுண்துளையுள்ள அடைப்பை அடியில் வைத்த குழல். உள்ளே செம்புக் கம்பியும் மயில்துத்தக் (செப்பு சல்பேட்) கரைசலும் இருக்கும். கரையாத நீலப் படிகங்கள் அடியில் கொஞ்சமாவது தங்கியிருந்தால்தான் கரைசல் நிறைந்திருக்கிறது என்று பொருள். படிகமே இல்லாத வெளிறிய கரைசலோடு அளக்கச் செல்பவர்களைக் கண்டால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். கோடையில் காய்ந்து கிடக்கும் மண்ணில் நேராக ஊன்றினால் மீட்டர் அலைபாயும். குழாய்க்கு நேர் மேலே மண்ணைக் கொஞ்சம் கிளறி, ஒரு குவளைத் தண்ணீர் விட்டு, ஈரம் இறங்கிய பிறகே ஊன்ற வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் மீட்டர் காட்டும் எண் குழாயின் உண்மையான மின்னழுத்தம் அல்ல. ரெக்டிஃபையர் ஓடிக்கொண்டிருக்கும்போது மண்ணின் தடைக்குள் மின்னோட்டம் பாய்வதால் எழும் மின்னழுத்தமும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. ஓடும் நிலையில் மைனஸ் 1150 என்று காட்டும் இடத்தில், மின்னோட்டத்தைத் துண்டித்த மறுகணம் மைனஸ் 780 என்று இறங்கினால், அந்த இடத்தில் குழாய் அளவுகோலை எட்டவில்லை. ஆன் அளவு, ஆஃப் அளவு என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். இன்டரப்டர் என்ற கருவி, 12 நொடி ஓட்டம் 3 நொடி நிறுத்தம் என்பது போன்ற சுழற்சியில் மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்துத் தரும். அந்தக் குழாய்மேல் செல்வாக்குள்ள ரெக்டிஃபையர்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலும் கிடைப்பது பொய்க் கணக்குத்தான். மக்னீசியம் நேரடியாகக் குழாயில் பற்றவைக்கப்பட்டிருந்தால் துண்டிக்கவே வழியில்லை. அங்கே கூப்பன் எனப்படும் சிறு எஃகு மாதிரித் துண்டைப் பக்கத்தில் புதைத்துக் குழாயோடு இணைத்து, அதைத் துண்டித்து அளக்கலாம். பதிவேட்டில் ஆஃப் அளவுக்கென்று தனிப் பத்தி இல்லையென்றால், அந்த நோட்டு ரெக்டிஃபையர் ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா வாழும், காற்றுப்புகாத சேற்று நிலத்தில் மைனஸ் 850 போதாது, மைனஸ் 950 வேண்டும். அதற்காக அளவை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. ஆஃப் அளவு மைனஸ் 1200ஐத் தாண்டினால் எஃகின் பரப்பில் ஹைட்ரஜன் உருவாகிப் பூச்சைப் பெயர்க்கத் தொடங்கும்.

இனி, மின்னோட்டமே போய்ச்சேராத இடங்கள். 2014 ஜூலை 31 இரவு தைவானின் காவோசியுங் நகரில் தெருக்களே வெடித்துப் பிளந்து 32 பேர் இறந்தார்கள். புரொப்பிலீன் கொண்டுசென்ற நான்கு அங்குலக் குழாய் ஒன்று, மழைநீர் வடிகாலின் கான்கிரீட் பெட்டிக்குள் மண்ணைத் தொடாமல் குறுக்கே கிடந்தது. பூச்சு கெட்டு, ஈரத்தில் சுவர் மெலிந்து, அழுத்தம் தாங்காமல் அது கிழிந்தது. சி.பி. மின்னோட்டம் மண் வழியாகவோ நீர் வழியாகவோதான் எஃகை வந்தடையும். ஈரக்காற்றில் தொங்கும் குழாய்க்கு அது வருவதற்குப் பாதையே கிடையாது. இரு பக்கமும் மண்ணில் எடுக்கும் அளவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இடையிலுள்ள அந்தச் சில மீட்டரைப் பற்றி அவை எதுவும் சொல்லா. குழாய்ப் பாதையில் யாராவது புதிதாக வடிகாலோ கல்வெர்ட்டோ கட்டினால் குழாய்க்காரருக்குத் தகவல் வந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சாலை, இரயில் பாதைகளுக்கு அடியில் குழாயைச் சுற்றிப் போடும் கேசிங் உறையிலும், ஒட்டு விட்டுப்போன டேப் பூச்சின் அடியிலும் இதே சிக்கல் உண்டு.

தரைமீது நிற்கும் சேமிப்புத் தொட்டிகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தொட்டியின் விளிம்பருகே அளந்தால் நல்ல எண் கிடைக்கும். அடித்தகட்டின் நடுப்பகுதி பாதுகாப்பின்றிக் கிடக்கலாம். நடுவில் நிரந்தர ஹாஃப் செல்லைப் புதைக்காமல் தொட்டி கட்டிவிட்டால் பிறகு அதை அறிய வழி குறைவு. அளக்கும்போது தொட்டி நிறைந்திருப்பது நல்லது; காலித் தொட்டியின் அடித்தகடு ஆங்காங்கே மேலெழும்பி மணற்படுகையைவிட்டு விலகி நிற்கும். கசிவைப் பிடிக்க அடியில் பாலிஎத்திலீன் விரிப்பு போட்டிருந்தால், விரிப்புக்கு வெளியே புதைத்த ஆனோடுகளால் பயனில்லை. விரிப்புக்கும் தகட்டுக்கும் இடையில்தான் ஆனோடு வர வேண்டும். தொட்டியோடு இணைத்த செம்பு எர்த்திங் இன்னொரு தொல்லை. செலுத்தும் மின்னோட்டத்தின் பெரும்பங்கை அது விழுங்கிவிடும், சி.பி. நின்றுவிட்டாலோ, செம்பின் பக்கத்தில் எஃகே கரையும் பக்கமாகிவிடும். எர்த்திங்குக்குத் துத்தநாகப் பூச்சுள்ள எஃகைப் பயன்படுத்துவதும், நேர்மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் டீகப்ளர் கருவியை இடையில் வைப்பதும் இதற்கான வழிகள்.

ரெக்டிஃபையரின் இரு முனைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மைனஸ் குழாய்க்கு, பிளஸ் ஆனோடுக்கு. பழுதுபார்த்துத் திரும்ப மாட்டும்போது இவை மாறிவிட்டால், மேலே சொன்ன 9 கிலோ கணக்கு நம் குழாயிலேயே, நம் மின்கட்டணத்திலேயே நடக்கும். பழுது முடிந்த அன்றே டெஸ்ட் போஸ்ட்டில் ஓர் அளவு எடுத்தால், எண் மைனஸ் பக்கம் நகர்வதற்குப் பதிலாக எதிர்ப்பக்கம் நகர்வதைக் கண்டு உடனே பிடித்துவிடலாம். பதிவேட்டில் குறியை விட்டுவிட்டு வெறும் 0.92 என்று எழுதும் வழக்கம் உள்ள இடங்களில் இந்தத் தவறு கண்ணிலேயே படாது.

கடைசியாக, சி.பி. காப்பது வெளிப்புறத்தை மட்டுமே. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரவாயு சென்றதும் உட்புறம் அரித்ததும் வெளிவந்தன. மண்ணில் புதைத்த ஆனோடின் மின்னோட்டம் குழாய்ச் சுவரின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். உள்ளே தேங்கும் நீரை வாயு அனுப்பும் இடத்திலேயே பிரித்தெடுப்பது, குழாய்க்குள் ஓடிச் சுத்தம் செய்யும் பிக் கருவியை ஓட்டித் துடைப்பது, அரிப்புத் தடுப்பான் செலுத்துவது, சுவர்த் தடிமனை அவ்வப்போது அளப்பது ஆகிய வேலைகளுக்குத் தனி அட்டவணையும் தனிப் பதிவேடும் வைத்துக்கொள்ள வேண்டும்.