சுமத்ரா அதிர்ந்தால் வானத்தில் தெரியுமா?

சுமத்ரா பக்கம் பெரிதாக அதிர்ந்தால் பினாங்கு அடுக்குமாடிகளில் தொங்கும் விளக்குகள் ஆடும். அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் 'உங்க வீட்ல ஆடுச்சா?' என்ற கேள்வி பறக்கும். கூடவே, 'செயற்கைக்கோள் இதை முன்கூட்டியே சொல்லிவிடும்' என்றொரு செய்தியும் சுற்றும். அதில் பாதிதான் உண்மை. செயற்கைக்கோளுக்கு நிலநடுக்கம் தெரியும். ஆனால், நடந்த பிறகு.

தரைக்கு மேல் சுமார் 60 கி.மீ. உயரத்தில் அயனமண்டலம் தொடங்குகிறது. சூரியக் கதிர்கள் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டிருக்கும் பகுதி அது. கடலடித் தரை சட்டென்று உயர்ந்தால் கடல் நீர் எழும்பி, மேலிருக்கும் காற்றையும் தள்ளும். அந்தத் தள்ளல் காதுக்கு எட்டாத தாழ் ஒலியாக மேலேறும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் அலையின் வீச்சு பல ஆயிரம் மடங்கு பெருகிவிடும். எட்டு, பத்து நிமிடங்களில் 300 கி.மீ. உயரத்து எலக்ட்ரான்கள் கலங்கும். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்திலேயே இது பதிவானது.

ஜிபிஎஸ் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் ஒலிபரப்புகிறது. எலக்ட்ரான்களைக் கடக்கும்போது இரண்டாவது கூடுதலாகத் தாமதிக்கும். அந்த வித்தியாசமே வழியில் எத்தனை எலக்ட்ரான் என்பதற்குக் கணக்கு. தரையில் இந்தச் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிகள் ஏராளம், நடுக்கடலில் ஏது? அங்கேதான் சிறு செயற்கைக்கோள்கள் உதவும். தைவானும் அமெரிக்காவும் 2019இல் ஏவிய ஃபார்மோசாட்-7இன் ஆறு செயற்கைக்கோள்கள், அடிவானில் மறையும் ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பிடித்து அயனமண்டலத்தை அடுக்கடுக்காக அளக்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால் நம் வட்டாரத்தை அடிக்கடி கடப்பவை.

சரி, முன்னறிவிப்பு? 2003இல் ஐந்து கிலோகூட எட்டாத குவேக்சாட், 2004இல் பிரான்சின் டிமீட்டர், 2018இல் சீனாவின் சாங்ஹெங்-1 எனச் செயற்கைக்கோள் முயற்சிகளுக்குக் குறைவில்லை. ஆழம் குறைந்த நிலநடுக்கங்களுக்கு முந்தைய நான்கு மணி நேரத்தில், இரவுநேர ரேடியோ அலைகளின் வலு லேசாகக் குறைந்ததை டிமீட்டர் தரவு காட்டியது. ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களின் சராசரியில் மட்டுமே தென்பட்ட குறைவு அது. ஒரு தனி நிலநடுக்கத்துக்கு எச்சரிக்கை மணி அடிக்க அது போதாது. அதிலும் நாம் காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பவர்கள். பொழுது சாய்ந்தால் நம் தலைக்கு மேல் பிளாஸ்மா குமிழிகள், அதாவது எலக்ட்ரான் குறைந்த திட்டுகள், தானாகவே கிளம்பும். சூரியப் புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். இந்த இரைச்சலில் முன்குறி தேடுவது பெரும்பாடு.

என்னைக் கேட்டால், நமக்கு வேண்டியது பின்குறிதான். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தை ஹவாய் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் 8.0 அளவு என்றே கணித்தது. உண்மையில் அது 9.1. சுனாமி பினாங்குக் கரையைத் தொட ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது. ஆனாலும் இங்கே 52 பேர் மாண்டனர். கடல் உண்மையில் எவ்வளவு எழும்பியது என்பதை அயனமண்டலம் பத்து நிமிடம் தாமதித்துச் சொன்னாலும், நான்கு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அது தாமதமே அல்ல.

இதை ஒற்றைச் செயற்கைக்கோள் செய்யாது. நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் பறக்கும் செயற்கைக்கோள், 1,000 கி.மீ. அகலக் கலக்கத்தை இரண்டேகால் நிமிடத்தில் தாண்டிவிடும். டஜன் கணக்கில் வேண்டும், மலிவாகவும் வேண்டும். சிறு செயற்கைக்கோள் ஏவும் ஸ்பயர் நிறுவனம் 10 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமுள்ள பெட்டிக்குள்ளேயே இத்தகைய ஏற்பியை அடக்கி வரிசையாக ஏவி வருகிறது.