ஒரே ஓர் ஆக்சிஜன் அணுவால் தப்பிக்கும் ஆட்டுப் புழு

பேரணாம்பட்டுப் பக்கம் வெள்ளாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மூணு மாசத்துக்கு ஒரு தடவை பட்டி முழுக்க அல்பெண்டசோல் புழு மருந்து ஊத்துறேன். ஆனாலும் கண் இமை வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து நிக்குது. மருந்து போலியா சார்?" இருக்கலாம், ஆனால் எனக்கு முதல் சந்தேகம் புழுவின் மேல்தான்.

ஆட்டின் நான்காம் வயிற்றில் ரத்தம் குடிக்கும் ஹிமாங்கஸ் புழு இது. அல்பெண்டசோல் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-இல் வந்தது, 1964-லேயே அதற்கு அசையாத ஹிமாங்கஸைக் கண்டுவிட்டார்கள்.

புழுவின் செல்லுக்குள் நுண்குழாய்கள் உண்டு. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஏறுவதும் கழல்வதுமாக, சாரம் கட்டிப் பிரிப்பதுபோல அந்த வேலை ஓயாமல் நடக்கும். மருந்து பீட்டா டியூபுலினில் ஒட்டிக்கொண்டால் புதுத் துண்டு ஏறாது, கழல்வது மட்டும் தொடரும், சத்து உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியில் சாகும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தப் புரதத்தில் 200-ஆவது அமினோ அமிலம் ஃபினைல்அலனின், மரபணுவில் அதற்கான எழுத்துகள் டி-டி-சி (TTC). நடு எழுத்து ஏ (A) ஆகிவிட்டால் அங்கே டைரோசின் வந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு! அது போதும், மருந்து சரியாக ஒட்டாது, நுண்குழாயோ வழக்கம்போல வளரும். இன்னொன்று பாருங்கள், அதே இடத்தில் ஆட்டுக்கும் நமக்கும் பிறவியிலேயே டைரோசின்தான்.

ஆனால் அப்பா வழி, அம்மா வழி என்று மரபணுவின் இரண்டு பிரதியிலும் இந்த மாற்றம் இருந்தால்தான் புழு தப்பும். ஒன்று மட்டும் மாறியிருந்தால், பழைய பிரதி செய்யும் டியூபுலினில் மருந்து ஒட்டி வேலையைக் கெடுத்துவிடும். அதனால்தான் பட்டி முழுக்க ஊற்றாதீர்கள் என்கிறேன். இமை சிவப்பாக, அதாவது ரத்தம் குறையாமல் இருக்கும் ஆடுகளுக்கு மருந்து ஊற்றாமல் விட்டுவிட்டால், அவற்றிலுள்ள சாதாரணப் புழுக்களின் வாரிசும் மேய்ச்சல் நிலத்தில் கலக்கும், தப்பிப் பிழைத்தவை அவற்றோடு இணையும்போது பிறக்கும் குட்டிப் புழுவுக்கு மாறிய பிரதி ஒன்றுதான் கிடைக்கும், அது அடுத்த மருந்துக்குச் சாகும். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மிச்சம் இருப்பது தப்பித்தவை மட்டுமே, அவை தங்களுக்குள்ளேயே பெருகும்.

ஆந்திராவின் வி.கோட்டா, பலமநேர் பக்கமிருந்து வாங்கி வரும் ஆட்டின் வயிற்றில் இந்த மரபணுவும் எல்லை தாண்டி வரும், எந்தச் சோதனைச்சாவடியிலும் அது மாட்டாது. இந்த ஒற்றை எழுத்தைப் பிசிஆரில் பார்த்துவிடலாம். மருந்து வாங்கிக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் அந்தச் சோதனைக்கும் ஒதுக்கினால் என்ன? அதுவரை, மருந்து கொடுக்கும் நாளிலும் 14 நாள் கழித்தும் புழுக்கையைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்து முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எடைக்கேற்ற முழு அளவு கொடுத்தும் (செம்மறி அளவு வெள்ளாட்டுக்குப் போதாது) எண்ணிக்கை 95 சதவீதம் குறையவில்லை என்றால், உங்கள் பட்டிக்கு வேறு குடும்பத்து மருந்துதான்.