செக்பாயின்ட்: சாவடியா, காவலா?

செல் பிரிவு பற்றிய தமிழ் விளக்கம் எதைத் திறந்தாலும் ‘செக்பாயின்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு ‘சோதனைச்சாவடி’ வந்து நிற்கிறது. செல் அங்கே நிற்குமாம், சோதனை முடிந்ததும் அனுமதி வாங்கிக்கொண்டு போகுமாம். ஏதோ லாரி போல.

வேர் எளிது. ‘செக்’ பாரசீக ‘ஷா’விலிருந்து, அதாவது அரசனிலிருந்து, சதுரங்கம் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. சரிபார்த்தல் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. அரசனுக்கு ஆபத்து, அதை விலக்காமல் வேறு ஆட்டம் கிடையாது என்பதே பழைய பொருள். ‘செக் வைத்துவிட்டான்’ என்று நாமும் அதைத்தானே சொல்கிறோம்!

செல்லில் நடப்பதும் அதுவே. 1989இல் செல் ஆய்வாளர்கள் ஹார்ட்வெல்லும் வைனர்ட்டும் செல் சுழற்சிக்கு இச்சொல்லைக் கையாண்டபோது, ஒரு படி முடியாமல் அடுத்தது தொடங்காதபடி பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டையே குறித்தார்கள், இடத்தை அல்ல. இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தேவையான ராட்9 மரபணு இல்லாத ஈஸ்ட், டிஎன்ஏவில் சேதம் இல்லாதவரை ஏறக்குறைய வழக்கம்போலவே பிரிகிறது. எக்ஸ் கதிர் பட்டால்தான் வினை: டிஎன்ஏ உடைந்திருந்தும் நிற்காமல் பிரிந்து சாகிறது. சாவடியை எடுத்துவிட்டதால் வண்டி செத்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் இழைக்கட்டான கதிர்க்கோலில் இன்னும் பிணையாத ஒரே ஒரு குரோமோசோம் இருந்தாலும் போதும், அதிலிருந்து கிளம்பும் சமிக்ஞை மொத்தப் பிரிவையும் தாமதப்படுத்தும். இதில் சாவடி எங்கே இருக்கிறது? ‘சோதனைப் புள்ளி’ என்ற இன்னொரு மொழிபெயர்ப்பும் இதே கோளாறுதான். தடை விழும் கட்டத்தைக் காட்டுகிறது என்ற அளவில் அதை மன்னிக்கலாம். சாவடிக்கு அந்தச் சாக்கும் இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

என் தேர்வு ‘காவல்’. போலீஸ் நினைவு வருகிறதே என்பார்கள். வரட்டும், பயிருக்குக் காவல் இருப்பவர் போலீஸா? ஆபத்து வரும்வரை குறுக்கே வராது, வந்தால் விடாது. சேதக் காவல், கதிர்க்கோல் காவல் என்று சேர்த்தாலும் உறுத்தவில்லை. பரிணாமம் பேசவும் வசதி: கதிர்க்கோல் காவலின் மேட்2 புரதம் ஈஸ்டிலும் உண்டு, மனிதரிலும் உண்டு; சேதக் காவலில் விலங்குகளுக்கு பி53 என்ற புரதம் வாய்த்தது, தாவரங்களில் அந்த வேலையை எஸ்ஓஜி1 என்ற வேறொரு புரதம் பார்க்கிறது. காவல் ஒன்று, காவலாளி வேறு. இதைச் சாவடி வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பி53, செல் சுழற்சியை நகர்த்தும் சைக்ளின் போன்ற புரதப் பெயர்கள் எல்லாம் ஆள்பெயர் மாதிரி. அவற்றையும் மொழிபெயர்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.