பம்ப்புக் குழாயில் கிடக்கும் பழுப்புப் பொடி

சில ஆண்டுகளுக்கு முன், மெல்லிய சிலிக்கன் படலம் பூசும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தபோது நடந்தது இது. பராமரிப்புக்காக மெஷினை நிறுத்தி, படலம் பூசும் அறையான சேம்பருக்கும், அதிலிருந்து வாயுவை உறிஞ்சும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள குழாயைக் கழற்றினோம். உள்ளே விரற்கடை கனத்துக்குச் செங்கல் தூள் மாதிரி பழுப்புப் பொடி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பையன், இரும்புக் கரண்டியால் அதைச் சுரண்டத் தொடங்கினான். நாலாவது சுரண்டலில் ஊதுவத்தி நுனி போல ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, பொடியின் மேல் ஊர்ந்து போனது. புகை இல்லை, சத்தமும் இல்லை. அவன் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "சார், இது மணல்தானே சார்?"

நல்ல கேள்வி. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் மணல்தான், மணல் எரியாது. ஆனால் குழாயில் கிடந்தது இன்னும் மணலாகாத சிலிக்கன். கொஞ்சம் ஹைட்ரஜனையும் சுமந்துகொண்டு, ஆக்சிஜன் எப்போது கிடைக்கும் என்று காத்துக் கிடந்த பொடி. இந்த ஒன்றைப் பாடப்புத்தகம் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பொடி எங்கிருந்து வருகிறது? சேம்பருக்குள் சிலேன் வாயுவையும் (சிலிக்கனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) ஹைட்ரஜனையும் விட்டு, 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுத்தால் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயு, பற்றிக்கொள்ளும். சிலேன் உடைந்து, 200 டிகிரி சூட்டிலேயே கண்ணாடி மேலோ வேஃபர் எனும் மெல்லிய சிலிக்கன் தகட்டின் மேலோ சிலிக்கன் படலமாகப் படியும். சூளைச் சூடு வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய வரம். ஆனால் சீக்கிரம் படியட்டும் என்று அழுத்தத்தையும் பவரையும் ஏற்றினால், உடைந்த துண்டுகள் வேஃபரில் இறங்காமல் அந்தரத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டித் தூளாகிவிடும்.

அந்தத் தூள் உடனே கீழே விழுவதும் இல்லை. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள்தான் வேகக்காரர்கள். அவை முந்திப் போய்த் துகளில் ஒட்டிக்கொள்ள, துகளுக்கு எதிர்மின்னேற்றம் வந்துவிடும். வேஃபருக்குச் சற்று மேலே அது மிதந்துகொண்டே இருக்கும். பவரை அணைத்ததும் ஒரு பகுதி வேஃபர் மேல் இறங்கும், இன்னொரு பகுதியைப் பம்ப் தன் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும்.

இது தெரியவே வெகுகாலம் ஆனது. வேஃபரில் தூசி என்றால் ஆபரேட்டரின் முடி, தோல், துணி என்று மனிதர்கள் மேல்தான் பழி விழும். 1989இல் ஐபிஎம் நிறுவனத்தில் கேரி செல்வின் என்பவர், ஓடிக்கொண்டிருந்த பிளாஸ்மாவுக்குள் லேசர் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். வேஃபருக்கு மேலே தூசி மேகம் மினுமினுத்தது. தூசியைப் போட்டது மெஷினேதான்! அதுவரை திட்டு வாங்கிய ஆபரேட்டர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அப்புறம் கதை தலைகீழானது. 2005இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உவே கோர்ட்ஸ்ஹாகன் குழு இதே தூசியை வேண்டுமென்றே செய்து காட்டியது. ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஆர்கானும் சிலேனும், வெளியே பிளாஸ்மா மூட்டும் மின்வளையம். வாயு உள்ளே இருப்பது சில மில்லிசெகண்டுதான். அதற்குள் சில நானோமீட்டர் அளவில் சிலிக்கன் படிகங்கள் தயார் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கட்டியாகாமல் ஒரே அளவில் வந்து விழுகின்றன. ஐந்து நானோமீட்டருக்குக் குறைந்த துகள்களைப் புறஊதா விளக்கில் பிடித்தால் சிவப்பாக ஒளிரும். முதன்முறை அதைப் பார்த்தபோது, நாங்கள் சுரண்டி எறிந்த குழாய்தான் நினைவுக்கு வந்தது.

இந்த மாதிரித் துகளைக் கரைப்பானில் கலந்தால் சிலிக்கன் மை. துணியில் சாயம் அச்சிடுவது போல ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தள்ளிவிடலாம். கலிபோர்னியாவின் இன்னோவாலைட் நிறுவனம் இதை சோலார் செல்லுக்குக் கொண்டுவந்தது. மின்சாரத்தைச் சேகரிக்கும் வெள்ளிக் கோடு வரப்போகும் இடத்தில் மட்டும் மையை அச்சிட்டு, மின்சாரம் எளிதாகக் கடக்க அங்கே மட்டும் பாஸ்பரஸ் அதிகம் இறங்கும்படி செய்தார்கள். 2011இல் அமெரிக்க ரசாயன நிறுவனமான டுபாண்ட் அதை வாங்கியது. பின்னாளில் ஆலைகளில் அந்த வேலையை லேசர் பிடித்துக்கொண்டது வேறு கதை. ஆனாலும் சிலிக்கன் நானோ மை ஆய்வகங்களை விட்டுப் போகவில்லை. பேட்டரி மின்முனை, அச்சு மின்னணுவியல் என்று மாணவர்கள் தினமும் கையாள்கிறார்கள். என் கவலையும் அவர்களைப் பற்றித்தான்.

ஒரு கிராம் சிலிக்கன் என்பது முக்கால் சென்டிமீட்டர் பக்கமுள்ள சின்னக் கட்டி. அதையே 5 நானோமீட்டர் துகளாக்கினால் மேற்பரப்பு மட்டும் சுமார் 500 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டே கால் கிரவுண்டு நிலம்! அவ்வளவு பரப்பும் ஆக்சிஜனுக்குத் திறந்து கிடக்கிறது. துகளைச் சுற்றி ஒரே ஒரு நானோமீட்டர் கனத்துக்கு ஆக்சைடு படிந்தாலே, உள்ளே இருந்த சிலிக்கனில் கிட்டத்தட்டப் பாதியை அது தின்றுவிடும். பெரிய வேஃபரில் கண்டுகொள்ளாமல் விடும் அதே ஆக்சைடுதான். மையை, எதனோடும் எளிதில் சேராத ஆர்கான் வாயு நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்துக் கையாளச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இன்னொரு சம்பவம். ஓர் ஆய்வகத்தில், மிஞ்சிய சிலிக்கன் மையைக் கழிவு பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டுப் போனார் ஒரு மாணவி. அதே பாட்டிலில் காலையில் யாரோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை ஊற்றியிருந்தார்கள். மாலையில் பார்த்தால் பாட்டில் பலூன் போல உப்பியிருந்தது. காரத்தில் சிலிக்கன் கரையும்போது ஹைட்ரஜன் வெளியேறும். ஒரு கிராமுக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல். கட்டியாக இருந்தால் மெதுவாக நடக்கும், நானோ துகளானால் அந்தப் பொறுமை கிடையாது. நல்லவேளை, அது பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடியாக இருந்திருந்தால் இந்தப் பத்தியை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். நானோ சிலிக்கன் கழிவுக்குத் தனி பாட்டில், அழுத்தம் வெளியேறும் மூடி, மேலே கொட்டை எழுத்தில் லேபிள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

சிலேன் சிலிண்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும் வாயு. விசித்திரம் என்னவென்றால், பற்றிக்கொண்டால் பிழைத்தோம், பற்றாமல் கசிந்தால்தான் பயம். சில நேரம் வேகமாகப் பீய்ச்சும் சிலேன் உடனே எரியாமல் காற்றோடு கலந்து தேங்கும். பிறகு ஒரே நொடியில் வெடிக்கும். அதனால் எரிகிற சிலேன் கசிவை ஊதி அணைக்கக் கூடாது. தூரத்திலிருந்து வால்வை மூடி, வாயு வரவை நிறுத்த வேண்டும். சிலிண்டர் வால்வுக்குள் கால் மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு தடுப்பு வைக்கிறார்கள், கசிந்தாலும் கொஞ்சமாகவே கசியட்டும் என்று. ஃப்ளோ போதவில்லை என்று அந்தத் தடுப்பு இல்லாத சிலிண்டர் கேட்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வாதாடுவதை விட, சிலிண்டரை வாங்கும் இடத்திலேயே மாற்ற விடாமல் பார்த்துக்கொள்வது மேல்.

சரி, அந்தக் குழாய்க்கு வருவோம். அதற்குப் பிறகு எங்கள் முறை மாறியது. கழற்றுவதற்கு முன் நைட்ரஜனை நிரப்பி உறிஞ்சுவோம், திரும்பத் திரும்ப. பிறகு காற்றைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டு ஓர் இரவு அப்படியே வைப்போம். பொடி மெல்ல மெல்ல மணலாகட்டும் என்று. இரும்புக் கரண்டி கிடையாது. வீட்டு வேக்குவம் கிளீனர் கிட்டவே வரக் கூடாது. அதன் மோட்டாரில் எழும் தீப்பொறியே போதும். முகத்துக்குத் துணி மாஸ்க் இல்லை, நுண்துகள் வடிகட்டும் மாஸ்க். வெளுத்த பொடி வந்தால் பாதிக் கவலை விட்டது. பழுப்பாகவே இருந்தால் மூடிவிட்டு இன்னொரு நாள் காத்திருப்போம். உற்பத்திப் பிரிவிலிருந்து போன் வரும், மெஷின் எப்போது கிடைக்கும் என்று. அந்த போனை எடுத்து "நாளைக்கு சார்" என்று சொல்லும் வேலையை அந்தப் பையனிடமே கொடுத்திருந்தேன்.