பேனல் விலை கேட்கும் முன் மாடிக்கு ஏறுங்கள்

"தம்பி, கரண்ட் போயிடுச்சு. வெயில் கொளுத்துது, ஆனா ஃபேன் ஓடல. சோலார் போட்டு என்ன பிரயோஜனம்?" மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா மே மாதத்தில் போன் போட்டுத் திட்டினார். தப்பு எங்கள்மேல்தான், விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது அல்லவா?

இப்போதெல்லாம் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சு. அடுத்தது நிழல். காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, மாலை மூன்று மணிக்கு ஒருமுறை மொட்டை மாடியில் நின்று பாருங்கள். பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் செல்கள் மாலைபோல வரிசையாகக் கோத்திருக்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி சட்டென்று இறங்கும். ஒரு வீட்டில் தினமும் பதினோரு மணிக்குமேல் யூனிட் சரிந்தது. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரையே கழற்றிப் பார்த்துவிட்டோம். கடைசியில், பேனல் சட்டத்தில் கொடி கட்டி வேட்டி காயப் போட்டிருந்தார்கள்.

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். சென்னை வெயிலில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். அக்னி நட்சத்திரத்தில் அள்ளிக் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள், பேனல் சூடானால் உற்பத்தி குறையும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டை ஒட்டி வரும். 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறி பில் எகிறும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் வீட்டுக்கு அவசரமில்லை. விற்கிறவன் நானே சொல்கிறேன்.

2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். ஆனால் அது முன்பணமாக வராது. லைனிலிருந்து வரும் கரண்டையும் லைனுக்குப் போகும் கரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நெட் மீட்டரை மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். அடுக்குமாடியில் மாடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையிலேயே வருஷம் ஓடிவிடுகிறது. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு என்று பொதுப் பயன்பாட்டுக்குச் சங்கத்தின் பெயரிலேயே போடலாம், கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. சண்டைக்கு வேலையில்லை.

என்னோடு பேனல் தூக்கும் பையன் எண்ணூர்க்காரன். அங்குள்ள அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதை ஊரறிந்தது. தென்சென்னை மாடிகளில் போல்ட் முடுக்கிக்கொண்டே, "இவங்க ஏசிக்குத்தான்ணே எங்க ஊர்ல சாம்பல்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எனக்குச் சிரிப்பு வராது.

மடிப்பாக்கத்து அம்மா அடுத்த பில் வந்ததும் மறுபடி கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்கும் போட வேண்டுமாம். போய்ப் பார்த்தால் பாதி மாடிக்கு வேப்பமர நிழல். "வெட்டிடலாம் சார்" என்றார் வீட்டுக்காரர். மரம் இருக்கட்டும் என்று சொல்லி, நிழல் படாத மூலையில் 1 கிலோவாட்டுக்கு மட்டும் அளவெடுத்துக்கொண்டு வந்தேன்.